நோயா, குணமா?



கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர், நாற்பது வயதிலே கடைச் சிட்டையைக் கூட்ட மாட்டாமல் திகைக்கிறார். சாந்தமாயிருந்தவர் சிறு சொல்லுக்கும் சீறுகிறார். சாவு வீட்டிலே அடக்க இயலாத சிரிப்பு வந்து அவரைத் தலைகுனிய வைக்கிறது. குணம் கெட்டுவிட்டது என்று ஊரார் கூறுவர். அவருக்கு மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் இருக்குமாயின், அத்தீர்ப்பு அநீதியாய் முடியலாம்.

இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்பாரும் உளர். அப்பெயர் பாதி உண்மையையே சொல்கிறது; மூளையையும் இந்நோய் தாக்கும். நரம்பிழைகளைப் போர்த்திருக்கும் மயலின் உறையை உடலின் காவற்படையே சிதைப்பதால், செய்திகள் தாமதித்து ஓடுகின்றன. 1868இல் இந்நோயைத் தெளிவுற விளக்கிய பாரிஸ் மருத்துவர் சார்கோ, நினைவு தளர்வதையும் எண்ணம் மெல்ல உருவாவதையும் குறித்துச் சென்றார். பின்வந்தோரோ நெடுங்காலம் காலையும் கண்ணையுமே நோக்கினர். நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவாற்றலில் ஏதேனும் குறை நேர்கிறது என்பது 1980களுக்குப் பின்னரே நன்கு நிலைபெற்றது.

பெரும்பாலும் முதலில் குன்றுவது சிந்தனையின் வேகம். கற்ற கல்வியும் பேசும் மொழியும் பலரிடம் நிலைத்திருக்கும். ஆனால் இருவர் ஒருசேரப் பேசினால் பிடி தவறிவிடும்.

வெப்பமண்டல நாடுகளில் இந்நோய் அரிது. ஆதலால் அன்புவழிபுரம் போன்ற ஊர்களில், வீட்டார் இதன் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். திருகோணமலையாருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். உடல்நோவு தீருமென்று கன்னியாய் வெந்நீரூற்றில் நீராடுவோர் பலர். இந்நோயாளருக்கோ, உடற்சூடு சற்றே ஏறினாலும் கண் மங்கும், கால் தளரும், புத்தியும் மந்தமாகும். 1890இல் ஊட்டோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதன் ஒரு கூற்றைக் கண்டெழுதினார். ஒருகாலத்தில் வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தியே நோயைச் சோதித்தனர்! உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். எனினும் வழுக்கும் கிணற்றடியில் அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தானவை.

வீட்டிலே செய்யத்தக்கன உண்டு. முக்கியமான பேச்சை வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு ஒரு செய்தி போதும். மறதிக்குக் குறிப்பேடு உதவும். அவரே மாற்றத்தை உணராதிருக்கக்கூடும். எனவே மனைவியோ மக்களோ மருத்துவரிடம் உடன்சென்று கண்டதைக் கூறவேண்டும். மனச்சோர்வும் நினைவைக் கெடுக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு. அடக்கமுடியாத சிரிப்புக்கும் அழுகைக்கும்கூட மருந்துண்டு.

சில நாட்களுக்குள் திடீரெனப் புத்தி தடுமாறினால் மட்டும், நோயின் போக்கு என்று வாளாவிருத்தல் கூடாது. சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் அவ்வாறு செய்யும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.