தீவகத்தில் வீடு கொடுத்த கணக்கு



வீடிழந்த குடும்பங்களுக்கு வீடளித்த திட்டங்களைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். எத்தனை வீடுகள் எழுந்தன என்பதை அறிக்கைகள் சொல்லும். அவ்வீடுகளில் இரவில் விளக்கு எரிகின்றதா என்பதே நாம் கேட்கவேண்டியது.

1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கையின்போது தீவகத்தை விட்டோடிய குடும்பங்கள் பல, 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெயர்ந்தன. திரும்பியோர் கண்டது கூரையில்லாச் சுவரும் பற்றை மூடிய வளவுமே. 2009 இன் பின் வந்த உதவிகளுள் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள். புதுவீட்டுக்கு 550,000 ரூபா, திருத்தத்துக்கு 250,000 ரூபா. 2012 இலிருந்து வேலை முன்னேற முன்னேறப் பணம் தவணையாக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. இம்முறையை நாம் மெச்சுகின்றோம். தானே மேசனைப் பேசி, தானே கல்லையும் மண்ணையும் பார்த்து வாங்கும் குடும்பம் ஏமாறுவது குறைவு. 2016 இல் 65,000 இரும்பு வீடுகள் என்றொரு யோசனை வந்து, பலத்த எதிர்ப்புக்கு ஆளானது. எங்கள் சித்திரை வெயிலில் இரும்புச் சுவருக்குள் யார் படுப்பது?

ஆயினும் ஒரே தொகை எல்லா ஊரிலும் ஒரே பெறுமதி உடையதன்று. வேலணைக்கு லொறி நேரே போகும். நெடுந்தீவுக்கோ சீமெந்துப் பையைக் குறிகட்டுவானில் இறக்கி, வள்ளத்தில் ஏற்றி, ஒரு மணி நேரம் கடலோடி, துறையில் மறுபடி இறக்கவேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி உண்டு. கடல் கொந்தளித்தால் சாமானும் வராது, வேலையும் நடவாது. உவர்நீரில் கொங்கிறீற்றுக் குழைத்தால் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே நல்ல தண்ணீருக்கும் அலையவேண்டும். வடக்கில் குறைந்த பணத்தை நகை அடகு வைத்தும் கடன்பட்டும் நிரப்பிய குடும்பங்கள் பல.

இதனிலும் பெரிய குறை ஒன்றுண்டு. பிறர் காணியில் கொட்டில் போட்டிருந்தவனுக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாதவனுக்கு வீடு கிடைப்பது அரிது. அதே வேளையில் புங்குடுதீவில் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றோரின் கல்வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவர்களின் உறவினர் இச்சபையிலும் இருப்பீர்கள், கோபியாதீர்கள். இரண்டு பரப்பை உறுதி முடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதுவது உங்களுக்கு இயலும்.

வீடு கிடைத்த பின்னும், வலையும் தோணியும் இல்லாத குடும்பம் எதைக் கொண்டு அடுப்பெரிக்கும்? கணவனை இழந்தவளுக்கு வீட்டோடு ஒரு தொழிலும் வேண்டும். பிள்ளையின் மேற்படிப்புக்காகவும் வைத்தியத்துக்காகவும் மீண்டும் பட்டினம் போனவர்களைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

வாலிபர்கள் வரும் விடுமுறையில் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் சென்று, பூட்டிய புதுவீடுகளை எண்ணி, ஒவ்வொன்றும் ஏன் பூட்டப்பட்டது என்று அயலாரைக் கேட்டு எழுதி வாருங்கள். பிரதேச செயலாளரிடம் நாம் கொண்டுபோக வேண்டிய கணக்கு அதுதான்.