நிறுத்திய காரில் நாய்

மே மாதத்தில் தில்லியிலும் நாகபுரியிலும் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அத்தகைய நாளில் நாயைக் காரினுள் விட்டுப் பூட்டிச் செல்ல நம்மில் எவருக்கும் மனம் வராது. ஆதலின் அந்த நாளைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. பெங்களூரிலோ புணேயிலோ இளங்காற்று வீசும் முற்பகலில், ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று எண்ணிக் கடைக்குள் நுழைகிறோமே, அந்த இதமான நாளைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வெயிலின் ஒளி கார்க் கண்ணாடி வழியே தடையின்றி உள்ளே புகுகிறது. இருக்கைகளும் முன்புறத்துக் கருநிறப் பலகையும் அதை வாங்கி அனலாக வெளியிடுகின்றன. அந்த அனலுக்குக் கண்ணாடி எளிதில் வழிவிடுவதில்லை. சூடேறிய காற்றும் வெளியே போக வழியின்றித் தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள், குழந்தைகளின் பாதுகாப்பை மனத்திற் கொண்டு இதனை அளந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெளியே 22 முதல் 36 டிகிரி வரை வெப்பம் இருந்த நாட்களில், வெயிலில் நின்ற காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பார்த்தனர். பயன் மிகச் சொற்பமே. இக்கணக்கின்படி, 26 டிகிரி வெப்பமுள்ள இனிய நாளிலும் காரின் உட்புறம் 48 டிகிரியை எட்டலாம்.

இனி நாயின் உடலமைப்பைக் கவனிப்போம். நமக்கு உடலெங்கும் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வை சுரப்பது பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூடிய காரில் அந்த ஈரமெல்லாம் உள்ளேயே தேங்குகிறது. காற்றில் ஈரம் மிக மிக, ஆவியாதல் குறைகிறது. நாய் இன்னும் வேகமாக இரைக்கிறது. அந்த உழைப்பே உடம்பில் மேலும் சூட்டை உண்டாக்குகிறது. பிழைப்பதற்காகச் செய்யும் முயற்சியே அதற்குப் பகையாகிறது. 2003-ஆம் ஆண்டில் வந்த ஒரு தொலைபேசி விளம்பரத்தால் நம் நாட்டில் வீடுதோறும் விரும்பப்பட்ட 'பக்' இன நாயின் நிலை இன்னும் பரிதாபம். சப்பை மூக்கும் குறுகிய மூச்சுவழியும் கொண்ட அதற்கு, சாதாரண நாளிலேயே மூச்சு விடுவது ஒரு வேலை.

மர நிழலில் நிறுத்தினோமே என்பார் உண்டு. கதிரவன் நகர நிழலும் நகரும். என்ஜினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு வந்தோம் என்பாரும் உண்டு. அது நடுவில் நின்றுபோனால் நாய் யாரிடம் சொல்லும்? 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் முதற்குற்றத்திற்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம் விதித்தது. இன்று காரை நிறுத்தி வைக்கவே அவ்வளவு கொடுக்கிறோம்! சட்டத்தை நம்பி இராமல், கடைக்குப் போகும் நாளில் நாயை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் உசிதம். கூட வந்தே தீரவேண்டுமென்றால், ஒருவர் அதனுடன் வெளியே நிற்கட்டும்.

அவ்வாறு அடைபட்ட நாயை நாம் காண நேர்ந்தால் என்ன செய்வது? அது சத்தமின்றிப் படுத்திருப்பதை உறக்கம் என்று எண்ணிவிடலாகாது. கடும் இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி, நினைவிழப்பு ஆகியவை வெப்பத் தாக்கின் அடையாளங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுக. ஈரத்துணியால் போர்த்திவிடலாகாது, அது சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். நினைவு தெளிந்திருந்தால் மட்டும் சிறிது நீர் பருகத் தரலாம். முதலில் குளிர்வித்தல், பிறகே கால்நடை மருத்துவரிடம் பயணம். நாய் எழுந்து வாலை ஆட்டினாலும் அப்பயணத்தைக் கைவிடலாகாது. சிறுநீரகமும் இரத்தத்தின் உறையும் தன்மையும் கெடுவது பல மணி நேரம் கழித்தே, சில சமயம் ஓரிரு நாள் சென்றே, வெளிப்படும்.