பாட்டுக் கட்டும் பொறியும் பண்ணறிந்த தமிழும்

(காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

பொறி பாட்டுக் கட்டுகிறது என்றவுடன் சிலர் வாய்பிளந்து வியக்கின்றனர். சிலர் தமிழிசை இன்றோடு தொலைந்தது என்று வெருளுகின்றனர். பட்டுத் தறியின்மேல் ஏற்றிவைத்த சக்கார்டு பெட்டியை நாள்தோறும் காணும் இவ்வட்டாரத்து மக்களுக்கு அவ்வியப்பும் வேண்டா, அவ்வெருட்சியும் வேண்டா. அட்டையில் துளையிருந்தால் ஊசி நுழையும். அதற்குரிய இழை எழும். துளையில்லையேல் இழை கிடந்தபடியே கிடக்கும். இவ்வளவுதான் அதன் கமுக்கம். பிரெஞ்சு நாட்டின் பட்டு நகரமாகிய இலியோனில் 1804ஆம் ஆண்டளவில் சக்கார்டு என்பார் அமைத்த அப்பொறியே, கணிப்பொறிக்கு முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. 1843இல் ஏடா லவ்லேசு என்னும் ஆங்கிலப் பெண்மணி, பாபேசு என்பார் வகுத்த கணக்குப் பொறியைப் பற்றி எழுதுகையில், சக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இது கணக்கின் கோலங்களை நெய்யும் என்றார். ஒலிகளுக்கிடையேயுள்ள உறவுகளை விதியாக எழுதிக் கொடுக்க முடியுமானால், அப்பொறி இசையும் அமைக்கக்கூடும் என்று அக்குறிப்பிலேயே சேர்த்தெழுதினார். அன்று அப்பொறி முழுமையாகக் கட்டப்படவுமில்லை!

அவர் சொன்னது நடக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1957இல் அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இல்லர், ஐசக்சன் என்னும் இருவர் கணிப்பொறியைக் கொண்டு நால்வர் வாசிக்கும் நரம்பிசை ஒன்றை அமைத்தனர். இப்பொழுது சுனோ, யூடியோ முதலிய மென்பொருள்கள், இரண்டு வரி எழுதிக் கொடுத்த அளவில் சொல்லும் மெட்டும் குரலும் கூடிய பாட்டொன்றை நொடிப்பொழுதில் நீட்டுகின்றன.

தமிழுக்கும் இத்துறைக்கும் தொடர்பில்லை என்று எவரும் கருதவேண்டா. 2009ஆம் ஆண்டு சென்னைக் குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஏ.யூ–கே.பி.சி. ஆய்வு மையத்தார், மெட்டைக் கொடுத்தால் அதற்கேற்ற தமிழ்ப் பாட்டை இயற்றும் மென்பொருளைப் பற்றி அமெரிக்க நாட்டு ஆய்வரங்கொன்றிற்குக் கட்டுரை எழுதினர். மெட்டின் ஓசைகளை எதனால் அளந்தனர் தெரியுமா? குறில், நெடில், மெய் என்னும் மூன்றால்! மெட்டில் எவ்விடம் குறில் பெறும், எவ்விடம் நெடில் பெறும், எவ்விடம் மெய்யால் அடையும் என்று பொறி முதலில் கணிக்கும். பின்பு அவ்வாய்பாட்டிற்குப் பொருந்தும் சொற்களைத் தேடிக் கோக்கும். மேலைநாட்டுக் கணிப்பொறியைத் தமிழில் பாடவைக்க முற்பட்டவர்க்கு, தொல்காப்பியர் காலத்து அளவுகோலே கைகொடுத்தது. நெஞ்சு நிமிரத்தக்க செய்தி இது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இதற்கு எத்துணை இடம் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே உய்த்துணர்ந்து கொள்ளுங்கள்.

ஆயின் உண்மையை மறைத்தல் ஆகாது. வாய்பாடு பொருந்திய சொல்லெல்லாம் பாட்டாகிவிடுமா? அடுத்த ஆண்டே அம்மையத்தார், பொருள்பொதிந்த பாட்டுக்கு மாற்று வழி என்று இன்னொரு கட்டுரை எழுத நேர்ந்தது. ஓசைக்குச் சொல் கிடைத்துவிடும். சொல்லுக்குச் சொல் உறவு கிடைப்பதே அரிது. சந்தப் பா இயற்றியோர் இவ்வருமையை நன்கு அறிவர். தத்தன தனதன என்று குழிப்பை முன்னே வைத்துக்கொண்டு சொல்லை நிரப்புவதற்கு இலக்கணமே உண்டு. கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி அடிகள் 'வண்ணத்தியல்பு' என்று தனிநூலே செய்தார். அருணகிரியாரின் திருப்புகழ் நிலைத்தது குழிப்பு வழுவாமையால் மட்டுமோ? குழிப்பு வழுவாத எத்தனையோ வண்ணங்கள் ஏட்டோடு மக்கிப் போயின.

அத்திருப்புகழைக் கச்சேரி மேடையில் ஏற்றிப் பாடியவர் இக்காஞ்சியில் வாழ்ந்த நாயனாப் பிள்ளை. 1889இல் பிறந்து 1934இல் மறைந்த அப்பெருமகனார் தாளக் கணக்கில் இணையற்றவர். தாளக் கருவியாளர் பலரை ஒருங்கே உடன்வைத்துக்கொண்டு பாடுவார். கணக்கு என்றால் பொறிக்கு எளிது. அவர் எடுத்த கணக்குகளை எழுதிக் கொடுத்தால் இன்றைய மென்பொருள் ஒரு நொடியில் ஓராயிரம் கணக்கு விரிக்கும். எதை எடுப்பது, எதை விடுப்பது, எந்தச் சொல்லின்மேல் அக்கணக்கை இறக்குவது என்பது வேறு.

விதியால் இசை பிறப்பிப்பதும் தமிழர்க்குப் புதிதன்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளில் ஒன்றை மாற்றி ஒன்றைக் குரலாக வைத்துப் பாலைகளைப் பிறப்பிக்கும் முறையைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். அதனை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலிலும், விபுலானந்த அடிகள் 1947இல் 'யாழ் நூ'லிலும் கணக்கிட்டுக் காட்டினர். இந்நூலுக்குத் தமிழ்ப் பெயர் வாய்த்தது; முன்னதற்கு வாய்க்கவில்லை. இருப்பினும் உள்ளே உள்ளது தமிழ்ச் செல்வமே.

பயிற்சிக்குப் பொறி உதவுமா என்று இளைஞர் கேட்கின்றனர். உதவும். நாகசுரத்திற்கு ஒத்து ஊத ஓர் ஆள் வேண்டியிருந்த காலம் போய், மின்பொறி அவ்வேலையைச் செய்யத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று கைப்பேசியே ஒத்தும் தாளமும் தருகிறது. பாடுகிறவர் குரல் எங்கே நிற்கிறது என்று கோடு கீறியும் காட்டுகிறது. ஆசிரியர்க்குத் திங்கள்தோறும் பணம் கட்ட இயலாத நெசவாளர் வீட்டுப் பெண் விடியலில் எழுந்து இதனோடு பாடிப் பழகினால், குறை சொல்வார் யார்? ஆனால் ஒன்றை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். தோடி என்று இன்று வழங்கும் விளரிப்பாலையில் கைக்கிளை நரம்பு ஓரிடத்தில் நின்று ஒலிப்பதன்று, அசைந்து ஒலிப்பது. நிலைத்த ஓசையை மட்டுமே சரியென்று கொள்ளும் பொறி, அவள் செம்மையாக அசைத்துப் பாடும்போது தவறென்று கோடு காட்டும். அவ்விடத்தில் பொறியை நம்பினால் பண் கெடும். பாடிக் காட்ட ஓர் ஆசான் வேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் வேண்டும்.

கருவிக்கு எட்டாத பாட்டு உண்டென்பதைப் பெரியபுராணம் காட்டுகிறது. ஞானசம்பந்தர் பாடல்களின் புகழ் தம் உறவினராகிய யாழ்ப்பாணரின் யாழால் வந்தது என்று சிலர் செருக்கிப் பேசினர். அது பொறாத பாணர், யாழில் அடங்காத பாட்டொன்று பாடும்படி சம்பந்தரை வேண்டினார். தருமபுரத்தில் அவர் பாடினார். யாழ் தொடரமாட்டாமல் நின்றது. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து வாங்கி, இயன்ற அளவு இதிலேயே வாசித்து வருக என்று திருப்பிக் கொடுத்தார்.

இனி, உண்மையான இடர் எங்கிருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். இப்பொறிகள் தாமாக எதுவும் அறியா. ஊட்டியதையே உண்டு, உண்டதையே உமிழும். தமிழில் அவற்றிற்கு மிகுதியாகக் கிடைப்பது எது? திரைப்பாட்டு. அதிலும் பாதி ஆங்கிலம் கலந்த திரைப்பாட்டு. ழகரத்தை லகரமாக்கிப் பாடியவரின் குரலைத் தின்று வளர்ந்த பொறி ழகரத்தை எங்ஙனம் ஒலிக்கும்? அதைக் கேட்டு வளரும் பிள்ளை எங்ஙனம் ஒலிக்கும்?

ஊட்டப்படும் பாட்டுக்கு உரியவர் ஒப்புதல் வேண்டாவா என்பதும் கேட்கத்தக்கது. 2024 சூனில் பெரும் இசைத்தட்டு நிறுவனங்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் சுனோ, யூடியோ மீது வழக்குத் தொடுத்தன. பின்னர்ச் சில உடன்பாட்டில் முடிந்தன. அவ்வாண்டுத் தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்திற்காக ஏ.ஆர். இரகுமான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோர் குரல்களைப் பொறிவழி மீட்டபோது, குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். வழக்காட வலிமையுள்ள நிறுவனத்தாருக்கு நீதிமன்றம் உண்டு. திரைப் பாடகருக்கு இரகுமான் போன்றார் உண்டு. கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாருக்கு யார் உளர்? கும்மியும் ஒப்பாரியும் பாடும் மூதாட்டிக்கு யார் உளர்? பதிவு செய்வோர் அவர்களின் பெயரைக்கூடப் பல வேளைகளில் எழுதி வைப்பதில்லை.

2007இல் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேவாரத்தை மின்வடிவில் வெளியிட்டது. அத்தகைய பணி பெருகவேண்டும். தமிழர் கையாலும் பெருகவேண்டும். மேற்செம்பாலை என்பதைக் கல்யாணி என்றும், அரும்பாலை என்பதைச் சங்கராபரணம் என்றும் மட்டுமே பொறி அறிந்திருக்கிறதென்றால், குற்றம் பொறியின்மேல் இல்லை. தமிழ்ப் பெயரைப் பதிந்து கொடுக்கத் தவறியவர் மேலது. பிறமொழிப் பெயரை அழிக்கவேண்டா. பக்கத்தில் பழம்பெயரை எழுதினால் போதும்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. இக்கூட்டத்திலுள்ள மாணவர் நால்வர் சேர்ந்தால், காஞ்சிக் கோயில்களில் பாடும் ஓதுவார்களை அணுகி, ஒப்புதல் பெற்று, பதிகத்தின் பெயர், பண்ணின் பெயர், பாடியவர் பெயர், நாள் என நான்கையும் தமிழில் எழுதிப் பதிவு செய்யலாம். கைப்பேசி எல்லாரிடத்தும் இருக்கிறது. விருப்பமுடையோர் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வந்து பெயர் கொடுக்கலாம்.