கொன்ற கையில் கட்டிய ராக்கி

எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசப் பழங்குடி உழவர்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க உழைத்தமையால், 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் செல்லும் பேருந்தில், கூலிக்கு அமர்த்தப்பட்டவரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்ற அக்கொலையாளியை 2002-இல் சிறையில் சந்தித்த ராணி மரியாவின் தங்கை செல்மி பால், உடன்பிறப்பு உறவின் அடையாளமான ராக்கிக் கயிற்றை அவர் கையில் கட்டினார். இம்மன்னிப்பு நீதியை மறுத்ததன்று. பல ஆண்டுகள் சிறையில் கழிந்த பின்னரே, குடும்பத்தாரின் இசைவும் துணைநிற்க, 2006-இல் அவர் விடுதலையானார். பின்னர் புல்லுவழி வந்து மன்னிப்புக் கோரிய அவருடைய கைகளை, மகளை இழந்த தாய் முத்தமிட்டது அரிதினும் அரிய செயல். 2017 நவம்பர் 4 அன்று ராணி மரியா மறைசாட்சியாக, அதாவது நம்பிக்கைக்காக உயிர்நீத்தவராக ஏற்கப்பட்டு, புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம் பெற்றார்.