அம்மம்மாவின் பூச்சாடி
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி அண்மையில் எனக்கொரு படம் அனுப்பினாள். "அக்கா, அம்மம்மாவின்ரை சீனப் பூச்சாடி. உடம்பெல்லாம் வெடிப்பு. ஆயிரம் வருசப் பழசோ? என்ன விலை போகும்?" வெளிறிய பூச்சில் வலைபோல வெடிப்பு, கழுத்தில் மண்ணிறப் பட்டி, நடுவில் சண்டை பிடிக்கும் வீரர்கள்.

வெடிப்பு வயதைச் சொல்லாது. சூளையில் சுட்டு ஆறும்போது மேற்பூச்சு உள்மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கினால் வெடிக்கும். நேற்று வனைந்த சாடியிலும் அது நடக்கும். சீனர் அதைக் குறையென்று தள்ளாமல் அழகாக்கினார்கள். 'கே' எனப்படும் பழம் பாண்டங்களில் பெரிய கோடுகள் கறுப்பாகவும் சிறியவை பொன்னிறமாகவும் ஓடும். பின்னால் வந்தவர்கள் மையும் தேயிலைச் சாயமும் ஊறவிட்டு அந்தத் தோற்றத்தை வரவழைத்தார்கள். (தேத்தண்ணியால் பீங்கானுக்கு வயது கூட்டலாம். எங்களுக்கு அது தேவையில்லை.)

ஆகவே சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவளையம் பல காலம் மேசையில் உரசியிருந்தால் தேய்வு ஒரே சீராக இராது. சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். தங்கையின் சாடியடியில் மண்ணிறச் சதுரத்துள் நாலு சீன எழுத்துகள்: செங்குவா காலத்தில் செய்தது என்று. அந்தப் பேரரசரின் ஆட்சி 1487இல் முடிந்துவிட்டது. இவ்வகைச் சாடிகளோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டவை. சாடிக்கு ஏறத்தாழ எங்கள் சங்கத்தின் வயதுதான்.

தங்கைக்கு மனம் சோர்ந்துவிட்டது. ஆயிரம் வருசப் பழசு வேண்டுமென்றால் சரவணைக்கு வரும் வழியிலேயே இருக்கிறது என்றேன். அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் அகழ்ந்தெடுத்த சீனப் பாண்டங்கள் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுக்குரியவை. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தார் வந்து தோண்டியபோது 600க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றிப் பேசுகிறது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனுக்கு; வேறு சரக்கென்றால் பாதி. அப்படிப்பட்ட கடல் வழியில் வந்த ஓடுகள் அவை.

உடைந்த ஓட்டுக்கு ஏலத்தில் விலை இல்லை. ஆனால் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரிவதால் ஆராய்வோருக்கு அது பெரிது. ஊருக்கு வந்து கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பீங்கான் துண்டு கண்டால் கழுவாதீர்கள், சூட்கேசில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம்.

சாடி எப்படி வீட்டுக்கு வந்ததென்று தாயிடம் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறாள். அம்மப்பா மலாயாவில் வேலைபார்த்துப் பென்சனோடு திரும்பியபோது வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்ததாம். 1990இல் தீவைவிட்டு வெளிக்கிடும்போது அம்மம்மா அதைச் சேலைக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாராம். இதெல்லாம் அவளுக்கு அதுவரை தெரியாது. பிறகு அவள் விலை கேட்கவில்லை.

அதை ஒரு தாளில் எழுதிச் சாடிக்குள் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். பென்சிலால் எழுதச் சொன்னேன். பேனை மை ஈரத்தில் ஊறிவிடும்.