குத்தகை தவறினால் நிலச் சொந்தக்காரர் செய்யத்தக்கது

சங்கத்து அங்கத்தினர்களே! குத்தகை நெல் அளக்கப்படவில்லையென்று கோபங்கொண்டு, ஆட்களைக் கொண்டு வயலை மறித்தல் சட்ட விரோதமாகும். தமிழ்நாட்டில் பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் வருஷத்து 25-வது சட்டம் பாதுகாப்பளிக்கிறது. பாக்கி வைத்தல், நிலத்துக்கோ பயிருக்கோ கேடு விளைத்தல், விவசாயமல்லாத காரியத்துக்கு நிலத்தை உபயோகித்தல், சொந்தக்காரரின் பாத்தியதையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகியவை வெளியேற்றக் கோருவதற்குரிய முக்கிய காரணங்கள். மனுவை ரெவினியூ டிவிஷனல் ஆபீசரிடம் கொடுக்க வேண்டும். அவர் இரு தரப்பையும் விசாரித்து, பாக்கியைச் செலுத்தத் தவணை கொடுக்கலாம். தவணைக்குள் செலுத்தினால் மனு தள்ளப்படும். தவறினால் வெளியேற்ற உத்தரவு பிறக்கும்.

குத்தகைதாரரின் விளைச்சலே நம் சங்கக் கடனும் திரும்பி வருவதற்கு ஆதாரம் என்பதை மறவாதீர்கள். வயல் தரிசானால் இருவருக்கும் நஷ்டமே. ஆகையால் குத்தகையை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நெல் அளக்குந்தோறும் ரசீது கொடுத்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் சமாதானமாய்ப் பேசுங்கள். பயன்படாவிடில் மனுச் செய்யுங்கள்.