நூறு சதவிகிதம் என்றால் எத்தனை மணி நேரம்?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அமெரிக்க சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் உழைப்புக்குக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த முறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கூட்டம் தொடங்குமுன் ஒரு தோழர் என்னிடம், "பேராசிரியர் கணக்கு நமக்கு எதற்கு? நம் மில் கணக்கே நமக்குப் பிடிபடவில்லையே!" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசி வரை கேட்டுவிட்டு, இது நமக்குச் சம்பந்தமுள்ளதா இல்லையா என்று அவரே தீர்ப்புச் சொல்லட்டும்.

ஆராய்ச்சிசாலையிலும் உழைப்பாளி உண்டு

ஆராய்ச்சிசாலை என்றதும் வெள்ளை அங்கி போட்ட ஒரு மேதை கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்க்கும் படம்தான் நம் மனதில் வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு வேலைத்தலம். குழாய்களைக் கழுவ ஒருவர், எலிகளுக்குத் தீனி வைக்க ஒருவர், இயந்திரம் ஓட்ட ஒருவர். அவர்களுக்கு மேலே டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவர்கள். அவர்களுக்கும் மேலே, பட்டம் வாங்கிவிட்டு நிரந்தர வேலை கிடைக்காமல் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர்கள். எல்லாருக்கும் தலைவராக ஒரு பேராசிரியர்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மத்திய சர்க்காரிடமிருந்து. தேசிய சுகாதார நிறுவனம், தேசிய விஞ்ஞான அறக்கட்டளை போன்ற சர்க்கார் ஸ்தாபனங்கள் மான்யம் தருகின்றன. அந்த மான்யத்தில் பெரும் பங்கு சம்பளமாகவே போகிறது. அது அந்நாட்டு மக்கள் கட்டிய வரிப்பணம். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணத்தில் சம்பளம் வாங்கியவர் அந்த வேலையைத்தான் செய்தாரா, வேறு வேலை செய்தாரா என்று சர்க்கார் கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறு என்று உழைப்பாளி எவரும் சொல்ல மாட்டார். பட்டியலில் பொய்ப் பெயர் ஏறினால் பறிபோவது யாருடைய கூலி என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே கணக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதில் தகராறு இல்லை. எதைக் கணக்கில் எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பதுதான் பிரச்னை.

பாரத்தில் என்ன இருக்கிறது?

1958-ல் அமெரிக்க சர்க்காரின் வரவு செலவு இலாகா, சர்வகலாசாலைகள் எந்தச் செலவை மான்யத்தில் எழுதலாம் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏ-21 என்பது அதன் எண். பின்னால் அது பல முறை திருத்தப்பட்டது. 1967-ல் பேராசிரியர்களும் உழைப்புக் கணக்குத் தர வேண்டும் என்றார்கள். கடும் எதிர்ப்புக் கிளம்பி, மறு வருஷமே அதைத் தளர்த்தினார்கள். 1979-ல் மீண்டும் இறுக்கி, ஒருவருடைய வேலையின் 100 சதவிகிதத்துக்கும் கணக்கு வேண்டும் என்றார்கள்.

பாரம் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பேராசிரியரின் சம்பளத்தில் பாதி முதல் மான்யத்திலிருந்தும், 30 சதவிகிதம் இரண்டாவது மான்யத்திலிருந்தும், மீதி 20 சதவிகிதம் பாடம் நடத்துவதற்காகச் சர்வகலாசாலையிலிருந்தும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் அவர் முன்னால் ஒரு தாள் வரும். 50, 30, 20 என்று அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். "என் உழைப்பும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிந்திருந்தது" என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் எண்ணைத் திருத்த வேண்டும். திருத்தினால் சம்பளத்தையும் அந்தந்த மான்யத்துக்கு மாற்றி எழுத வேண்டும். அவரே கையெழுத்திடலாம், அல்லது அந்த வேலை நடந்ததைச் சரிபார்க்கத் தக்க வழி உள்ள மற்றொருவர் இடலாம்.

பாடம் சொல்வதும், ஆராய்ச்சியும், நிர்வாகமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன; துல்லியமாகப் பிரித்து அளக்க எப்போதும் முடியாது; அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அந்த விதியே ஒப்புக்கொள்கிறது. ஒரு மாணவனோடு சோதனை மேஜையருகே நின்று பேசுகிற பேராசிரியர் அப்போது பாடம் சொல்கிறாரா, ஆராய்ச்சி செய்கிறாரா? இரண்டும்தான். ஆனால் தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன.

மணியைக் கேட்காத கணக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாள் சதவிகிதத்தைக் கேட்கிறது. எத்தனை மணி நேரம் உழைத்தாய் என்று கேட்பதில்லை.

ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்கிறார். 50 சதவிகிதம் என்றால் 20 மணி. மற்றொருவர் 60 மணி நேரம் வேலை செய்கிறார். அவருக்கும் அது 50 சதவிகிதம்தான், ஆனால் 30 மணி. இருவருக்கும் ஒரே சம்பளம் என்றால் இருவர் தாளும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் 80 மணி நேரம் உழைத்தாலும் அவர் உழைப்பு 100 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாரத்துக்கு 20 மணி கூடுதலாக உழைத்தால், 50 வாரத்தில் ஆயிரம் மணி. நாற்பது மணி வாரமாகப் பிரித்தால் 25 வாரம், கிட்டத்தட்ட அரை வருஷ உழைப்பு! அந்த அரை வருஷம் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

குழாய் கழுவுகிற தொழிலாளியின் கணக்கு வேறு. மணிக்கூலிக்கு வேலை செய்பவர் தினம் எத்தனை மணி உழைத்தார் என்ற பதிவு இருக்க வேண்டும் என்று அதே மான்ய விதிகள் சொல்கின்றன. காரணம், 1938-ல் அமெரிக்காவில் வந்த தொழிலாளர் சட்டம். வாரத்துக்கு 40 மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்கிறது அது. எனவே மணியை எழுதாமல் தீராது. ஆசிரியர்களும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாதச் சம்பளம் வாங்கும் படித்த உத்தியோகஸ்தர்களும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவே அவர்களுக்குச் சதவிகிதம் மட்டும் போதும் என்றாகிவிட்டது.

கவனியுங்கள் தோழர்களே! கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டு என்று சட்டம் வந்த இடத்தில் மணிக்கணக்கு வந்தது. அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் மணிக்கணக்கு மறைந்தது.

இரவில் செய்யும் வேலை

பேராசிரியருக்காக நான் கண்ணீர் விடவில்லை. அவருக்கு நிரந்தர வேலை, நல்ல சம்பளம். தற்காலிக ஆராய்ச்சியாளரைப் பாருங்கள். அவருடைய சம்பளம் முழுவதும், நூற்றுக்கு நூறும், ஒரே மான்யத்திலிருந்து வருகிறது. ஆகவே சம்பளம் வாங்கும் நேரமெல்லாம் அந்த மான்யத்தின் வேலையையே செய்ய வேண்டும். மான்யமோ சில வருஷங்களில் முடிந்துவிடும். அதற்குள் புதிய மான்யம் கேட்டு மனு எழுதாவிட்டால், அல்லது வேறு வேலை தேடாவிட்டால், அவர் வீதிக்கு வந்துவிடுவார். ஆனால் புதிய மான்யத்துக்கு மனு எழுதுவது பொதுவாக நடப்பு மான்யத்தின் வேலையாகாது. அதன் பணத்தில் அதைச் செய்யக் கூடாது.

அப்படியானால் மனுவை எப்போது எழுதுவது? இரவில் எழுதுகிறார், ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறார். பருவ முடிவில் தாள் வருகிறது. "100 சதவிகிதமும் இந்த மான்யத்துக்கே" என்று கையெழுத்துப் போடுகிறார். இரவு வேலையைச் சொன்னால் எண் இடிக்கும். சொல்லாவிட்டால் அந்த வேலை நடக்கவே இல்லை என்றாகும். வேலை போகக் கூடாது என்று செய்த வேலையையே மறைக்க வேண்டிய நிலை!

கோடை விடுமுறையிலும் இதே சிக்கல்தான். பல சர்வகலாசாலைகளில் பேராசிரியர் நியமனம் வருஷத்துக்கு 9 மாதம். கோடை மாதங்களின் சம்பளத்தை மான்யத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கோடையின் சம்பளம் முழுவதையும் மான்யத்தில் எழுதிவிட்டு, அந்த நாட்களில் புதிய மனு எழுதினாலோ, மற்ற வேலை பார்த்தாலோ, கணக்குப் பொய்யாகிவிடும்.

வழக்கும் பணமும்

பொய்க் கணக்குக்கு என்ன தண்டனை? 1863-ல், லிங்கன் காலத்து உள்நாட்டுப் போரின்போது, ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்றுக் கொள்ளையடித்த காண்ட்ராக்டர்களைப் பிடிக்க ஒரு சட்டம் செய்தார்கள். பொய்க் கோரிக்கைச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். இன்று அதன்படி சர்க்காருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கு வரை வசூலிக்க முடியும். உள்ளேயிருந்து துப்புக் கொடுப்பவருக்கு வசூலில் பங்கும் உண்டு.

அந்தச் சட்டம் சர்வகலாசாலைகளின் மீதும் பாய்ந்தது. ஆராய்ச்சியாளர்களின் உழைப்புப் பங்கை அதிகமாகக் காட்டியதாக எழுந்த புகாரில், நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை 2003-ல் 55 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கோடைச் சம்பளம் உள்ளிட்ட புகார்களில் யேல் சர்வகலாசாலை 2008-ல் 76 லட்சம் டாலர் கொடுத்தது.

இதன் பிறகு சர்வகலாசாலைகள் என்ன செய்தன? கூடுதல் நேரத்தைக் கணக்கில் சேர்த்தனவா? இல்லை. மேற்பார்வையையும் கட்டாயப் பயிற்சியையும் கூட்டின, கையெழுத்துக்குக் கெடு விதித்தன. சர்க்கார் மான்யத்தில் வேலை செய்யும் தலைமை ஆராய்ச்சியாளர்களிடம் 2005-லும் 2012-லும் நடந்த கணக்கெடுப்புகளில், அந்த ஆராய்ச்சிக்கென உள்ள நேரத்தில் 42 சதவிகிதம் நிர்வாக வேலைகளுக்கே போவதாகத் தெரிந்தது. 2018-ல் அது 44 சதவிகிதம். இதில் உழைப்புக் கணக்கு ஒரு பகுதிதான்; மனு எழுதுவது, அறிக்கை தயாரிப்பது, அனுமதி வாங்குவது எல்லாம் சேர்ந்த எண் இது.

யார் கையெழுத்து?

2014 டிசம்பர் 26-ல் புதிய விதி அமலுக்கு வந்தது. பழைய மாதிரிப் பாரம்தான் வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. செய்த வேலையைப் பதிவு சரியாகக் காட்ட வேண்டும். அதைச் சரிபார்க்க ஸ்தாபனத்துக்குள் நம்பத்தக்க ஏற்பாடு வேண்டும். முன்கூட்டிப் போட்ட மதிப்பீட்டைப் பின்னால் உண்மைக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அவ்வளவுதான்.

அதைப் பயன்படுத்திச் சில சர்வகலாசாலைகள் தனித்தனி ஆளுக்குத் தாள் கொடுப்பதை விட்டன. ஒரு மான்யத்தில் யார் யாருக்குச் சம்பளம் போனது என்று மொத்தமாக ஒரு பட்டியல். அது சரியென்று தலைமை ஆராய்ச்சியாளர் ஒருவரே கையெழுத்திடுவார். காகிதம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் உழைத்தவனின் கையெழுத்தும் அங்கே காணாமல் போயிற்று. கோஷ்டி முழுவதற்கும் மேஸ்திரி ஒருவரே பட்டியலில் ஒப்பமிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி நல்லவராக இருக்கலாம். இருந்தாலும் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை கூலியாளுக்கு வேண்டாமா?

கலிபோர்னியாவில் நடந்தது

இதெல்லாம் காகிதச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 நவம்பர் 14-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் 48,000 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். பாடம் நடத்தும் மாணவர்கள், ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள், தற்காலிக ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் அதில் சேர்ந்தார்கள். அவர்களுடைய சங்கம் எது தெரியுமா? மோட்டார் தொழிலாளர் சங்கம்! கார் ஆலைத் தொழிலாளர்கள் கட்டிய சங்கத்தில் விஞ்ஞானம் படிக்கிறவர்களும் சேர்ந்திருந்தார்கள்.

ஆராய்ச்சி மாணவரின் நியமனச் சீட்டில் வழக்கமாக 50 சதவிகிதம் என்றிருக்கும். வாரத்துக்கு 20 மணி என்று அதற்குப் பொருள். அதே மாணவர் பகல் முழுவதும் அதே மேஜையில் அதே சோதனையைத்தான் செய்கிறார். 20 மணிக்கு மேல் செய்தால் அது "படிப்பு"; அதற்குக் கூலி இல்லை. எந்த மணியில் வேலை முடிந்தது, எந்த மணியில் படிப்புத் தொடங்கியது? சோதனைக் குழாய்க்கு அது தெரியாது. சோதனையின் முடிவோ முழுவதும் மான்யத்தின் கணக்கிலே சேர்கிறது.

மாணவத் தொழிலாளர்கள் வருஷத்துக்கு 54,000 டாலர் அடிப்படைச் சம்பளம் கேட்டார்கள். போராட்டம் டிசம்பர் பிற்பகுதி வரை நீடித்தது. 2024 அக்டோபருக்குள் அரை நேர நியமனத்துக்குக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 34,000 டாலர் என்று ஒப்பந்தமாயிற்று. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. அதை எதிர்த்து வாக்களித்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். ஆனாலும் கூலி கணிசமாக உயர்ந்தது. சதவிகிதத் தாளைத் தனித்தனியாகத் திருத்தி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. ஒன்றாக நின்று சாதித்தார்கள்.

தோழர்களே! இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கே திரும்புகிறேன். பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். பொய் எழுதினால் தண்டனையும் வேண்டும். ஆனால் உழைப்புக் கணக்கு என்று பெயர் வைத்தால், அதில் உழைத்த மணி எல்லாம் ஏற வேண்டும். சம்பளத்துக்கு ஏற்ப உழைப்பைச் சுருக்கி எழுதிவிட்டு அதற்கு அத்தாட்சி கேட்பது, மரக்காலுக்குத் தக்கபடி நெல்லை அளக்காமல் மூட்டைக்குத் தக்கபடி மரக்காலை வெட்டுவது போன்றது.

நாளைக்கு மில்லில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால், போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் நான் உழைத்த நேரம் முழுவதும் இருக்கிறதா? இதன் நகல் எனக்குக் கிடைக்குமா? படித்தவர்கள் நிறைந்த அமெரிக்க ஆராய்ச்சிசாலைகளிலும் இந்த முதல் கேள்விக்கு இன்னும் சரியான பதில் எழுதப்படவில்லை. கேட்பதில் உங்களுக்குக் கூச்சம் வேண்டாம்.